இராயபுரத்துக்கு நேர்ந்துவிட்ட மெல்பர்ன் சேவல்

1

‘மெல்பர்ன்ல பின்கட்டுல கோழி வளக்கறியாமே, குடுத்துவெச்சவன்டா நீ’ என்று போன வாரம் ஊரிலிருந்து ஒரு நண்பன் செய்தி அனுப்பியிருந்தான். அது வந்தபோது நான் ஒழுகுகிற கொட்டகைக்குள் முட்டி போட்டு, பாட்டுக்கேற்ற தாளம் மாதிரி விடாமல் பெய்கிற மழையில் நனைந்தபடி, கோழி எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். மனைவி ரீட்டா முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பார்ப்பவன். அவள் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவள் போவாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஷிஃப்ட் தாளைப் பார்த்துத்தான் இன்றைக்கு யார் வீட்டில் என்று தெரிந்துகொள்கிறோம். இதற்கு நடுவில் பதின்மூன்று வயது மகள் ஜெனி. இந்த லட்சணத்தில் நாங்கள் கோழி வளர்க்கக் கிளம்பினோம்.

யோசனை ஜெனியுடையது. சொந்தக் கோழி, சொந்த முட்டை, சமையலறைக் கழிவு வீணாகாது, பூமி பிழைக்கும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி விடுமுறையில் அழுது, சாப்பிடாமல் கிடந்து, நான்கு குஞ்சுகளை வாங்க வைத்தாள். நக்கெட், ஸ்னோ, பெப்பர், பிரின்சஸ் என்று பெயர் வைத்தாள். நான்கும் பெட்டைதான், ஆண் பெண் பிரித்துப் பார்த்தாயிற்று என்று விற்றவர் சத்தியம் செய்தார். மூன்று வாரத்தில் பள்ளி திறந்தது. அத்தோடு பூமியைக் காப்பாற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. அவள் கையில் போன், என் கையில் துடைப்பம்.

மே மாதத்தில் ஒரு நாள் விடியும் முன்னே ரீட்டா என்னை உலுக்கினாள்.

"என்னங்க, பிரின்சஸ் கூவுறா."

எழுந்து போய்ப் பார்த்தேன். கொண்டை சிவந்து, வால் வளைந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது சேவல் என்று இரண்டு மாதமாகத் தெரியாமல் போனதுதான் வெட்கக்கேடு. தெரியாமல் என்ன, நின்று பார்க்க நேரம் இருந்தால்தானே.

2

எங்கள் வீடு இராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்தில் ஆளுக்கு நான்கு கோழி. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. காலையில் கூடையைத் தூக்கினால் கோழிகள் தெருவுக்குப் போகும், மீன் கழுவுகிற இடத்தில் குடல், செதில் என்று தின்னும், இருட்டுகிற நேரத்துக்குத் தானாகத் திரும்பி வரும். முட்டையில் லேசாக மீன் வாடை அடிக்கும். எங்களுக்கு முட்டை என்றால் அந்த வாடைதான். இங்கே வந்த புதிதில் கடை முட்டையை அவித்துத் தின்றுவிட்டு, இதில் ஏதோ குறைகிறதே என்று யோசித்தவன் நான்.

எது யார் கோழி என்று தெரிவதற்கு அம்மா எங்கள் கோழிகளின் இடது இறக்கையில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தடவிவிடுவாள். எதிர்வீட்டுக்காரர் பெயின்ட். சண்டையும் வரும். "உன் கோயி எங்க வூட்டு அரிசில வாய வெச்சிச்சி" என்று ஆரம்பித்தால் மூன்று தலைமுறைக் கதை வெளியே வரும். மறுநாள் அதே வீட்டிலிருந்து குழம்பு வரும். சண்டைக்கு எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஒரு சேவலை நேர்ந்துவிடுவார்கள். அதன் காலில் சிவப்பு நூல் கட்டிவிட்டால் பிறகு அதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, யாருக்கும் சும்மா கொடுக்கவும் கூடாது. ஜூன் கடைசியில் இராயப்பர், அதாவது புனித பேதுருவின் திருநாள் அன்று கோயிலுக்குக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பூசை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டில் அன்றைக்குக் கறி. எங்கள் நேர்ச்சை அதோடு தீர்ந்தது.

இதில் அம்மா ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கடையில் வாங்கிய சேவல் ஆகாது. நம்ம வூட்டுல வளந்ததா இருக்கணும் என்பாள்.

3

அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது. அடக்கத்துக்குப் போனதுதான், பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. அங்கே இப்போது பிலோமினா அக்காவும் சவரி மாமாவும் இருக்கிறார்கள். மாமா துறைமுகத்தில் சுமை வேலை பார்த்தவர். சந்து வீடு போய், மூன்றாவது மாடியில் வாரியக் குடியிருப்பு. அங்கே கோழி வளர்க்க வழியில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு. அக்கா காலைப் பூசை முடிந்து வந்து வீடியோவில் கூப்பிட்டாள். எனக்கு மதியம்.

"மாமாவுக்கு நெஞ்ச ஆப்பரேசன் பண்ணணும்னுட்டாங்கடா ஆரோக்கியம். மூணு அடைப்பு கீதாம். அடுத்த மாசம் நடுவுல தேதி குடுத்துக்கீறாங்க. நீ ஒருவாட்டி வந்துட்டுப் போறியா? ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடக்கூட எனக்குப் பயமா கீது."

"பாக்கறேன்க்கா. லீவு கேக்கறேன்" என்றேன்.

கேட்டேன். அதாவது, கம்பெனியின் கணினிப் படிவத்தைத் திறந்தேன். குடும்ப அவசரம் என்று தட்டினால் நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறது. கீழே பட்டியல்: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர். அக்காவின் கணவருக்கு இடமில்லை. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர், என் முதல் விமானப் பயணத்தன்று வேலையைப் போட்டுவிட்டு மீனம்பாக்கம் வரை பெட்டி தூக்கி வந்தவர், எந்தக் கட்டத்திலும் அடங்க மாட்டேன் என்கிறார். ‘மற்றவை’ என்று தட்டினேன். ஆவணம் இணைக்கச் சொன்னது. மேலாளரிடம் பேசினேன். இந்த மாதம் ஆள் குறைவு, யோசித்துப் பார்க்கிறேன் என்றார். உண்மையைச் சொன்னால், நானும் வற்புறுத்தவில்லை. படிவத்தின் மேல் பழி போட ஒரு வசதி கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் ஒரு நொடி மாறி, பழையபடி ஆகிவிட்டது.

"பரவால்ல உடு. அங்க உனுக்கு இன்னா பேஜாரோ."

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் வேலி மேல் பிரின்சஸ் ஏறி நின்று ஒரு கூவு கூவியது. அக்கா போனுக்குள் முகத்தை நுழைக்கிறவள் மாதிரி கிட்டே வந்தாள்.

"தோ, யாருடா அது! செவசெவன்னு! உன் வூட்டு சேவலா?"

"பெட்டைன்னு வாங்கினோம்க்கா. சேவலா போச்சு."

"திருப்பு, திருப்பு, நல்லா காமி."

காட்டினேன். அதுதான் நான் செய்த தவறு. அக்கா கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இன்னா பண்ற?"

"நேந்துக்கினேன்டா. மாமா நல்லபடியா வூடு திரும்பணும், ராயப்பர் திருநாளுக்கு இந்தச் சேவல குடுத்துர்றேன்னு. ரெண்டு வாரமா தவிச்சிக்கினு இருந்தேன், நம்ம வூட்டுல வளந்த கோயிக்கு எங்க போறதுன்னு. தோ கீது பாரு!"

"இங்கயா? இது ஆஸ்திரேலியாவுல கீதுக்கா!"

"அங்க கோயில் இல்லியா? ராயப்பரு இன்னா இராயபுரத்துல மட்டுமா குந்திக்கினு கீறாரு? கால்ல நூலு கட்டு. திருநாள் வரிக்கும் பத்ரமா வெச்சிக்க. நீ வரமுடியல, அத்தயாச்சும் செய்யி."

சிவப்பு நூல் தேடிப் போனேன்.

4

நான் மறைத்து வைத்த ஒரு விஷயத்தை இப்போது சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் கோழி வளர்க்கலாம், சேவல் வைத்திருக்கக் கூடாது. சட்டம். நகராட்சிக் கவுன்சிலுக்கு யாரோ ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தார்கள். முதலில் போனில் கேட்டார்கள். சேவல் இல்லை, கோழிகள்தான் என்றேன். பிறகு மின்னஞ்சல் வந்தது. சேவல் இல்லை என்று எழுதி அனுப்பினேன். நூல் கட்டிய வாரம் வெள்ளிக்கிழமை ஒரு அம்மாள் மஞ்சள் சட்டையோடு நேரிலேயே வந்துவிட்டார். மிகவும் மரியாதையான பெண்மணி. இந்த ஊரில் ஆளை அழவைப்பவர்கள் எல்லோருமே மிகவும் மரியாதையானவர்கள்.

"உங்களிடம் சேவல் இருக்கிறதா, சார்?"

"இல்லை மேடம். எங்களுடையது எல்லாம் பெட்டை" என்றேன் மூன்றாம் முறையாக.

பின்கட்டிலிருந்து கூவியது. இழுத்து, நிதானமாக, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி.

எங்கள் கோயிலில் இராயப்பர் சுரூபத்தின் காலடியில் ஒரு சேவல் உண்டு. ஆண்டவர் இயேசுவைத் தெரியவே தெரியாது என்று அவர் மூன்று முறை சொல்லி முடித்ததும் கூவிய சேவல். அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன் நான். அந்தக் கவுன்சில் அம்மாளுக்கு முன்னால் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சிரிக்கக்கூட இல்லை. ஒரு தாளை நீட்டினார். பதினான்கு நாளைக்குள் சேவலை அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் அபராதம். விரலை விட்டு எண்ணினேன். திருநாளுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள்.

ரீட்டாவிடம் தாளைக் காட்டினேன். பத்து மணி நேர ஷிஃப்ட் முடித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"உங்க அக்கா ஒரு வார்த்தை நம்மள கேட்டாங்களா? இங்க மூணு பேரு சேந்து சாப்புட நேரமில்ல, இதுல சேவலுக்குக் காவலா? அடிச்சுக் குழம்பு வெச்சுட்டு, கோயிலுக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க."

"நேர்ச்சைக் கோழிடி."

"தெரியும்" என்றாள். திருவொற்றியூர்க்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? "அதனாலதான் எரியுது."

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டேன். வேறு ஒரு சேவலுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மாட்டேன் என்றாள். பண்ணைக்குக் கொடுத்துவிடுகிறேன், திருநாளன்று காணிக்கை போடுகிறேன் என்றேன்.

"இன்னாடா டபாய்க்கிற? சாமிகிட்ட போயி ஆள் மாறாட்டமா? இன்னும் ஒம்பது நாள் சேத்து வெச்சிக்கினா இன்னா கொறஞ்சிடும் உனுக்கு?"

அங்கேதான் எனக்கு வாய் நழுவியது. கொட்டகை, அபராதம், மழை, படிவம் எல்லாம் சேர்ந்துகொண்டன.

"அது எங்க வூட்டு சேவல்க்கா. உன்ன யாரு அத்த நேந்துக்கச் சொன்னது?"

போனில், அவள் பின்னால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது.

"ஓ. உங்க வூடா" என்றாள் அக்கா. "நான் நம்ம வூடுன்னு நென்ச்சிக்கினேன். செரி, வெச்சிர்றேன்."

வைத்துவிட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்தேன். கவுன்சில் அம்மாளிடம் மூன்று முறை சொன்ன பொய்கூட எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஜெனி கதவோரத்தில் நின்றிருந்தாள், காதில் வழக்கமான ஹெட்போன் ஒயர் இல்லாமல்.

5

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் பேசும் தமிழ் முழுதும் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அத்தையோடு பேசு என்றால் "ஹாய் அத்தே, பை அத்தே" என்று ஓடிவிடுவாள். அதனால் திங்கட்கிழமை கிடங்கில் என் போனுக்குக் கவுன்சிலிலிருந்து பதில் மின்னஞ்சல் வந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எதுவும் கேட்கவே இல்லையே!

கீழே இறக்கிப் பார்த்தேன். என் பெயரில் ஒரு விண்ணப்பம் போயிருந்தது. எழுதியது ஜெனி. என் ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்தால் மன்னிப்பும் மரியாதையுமாக நான்கு பக்கம் வந்திருக்கும். அவள் எழுதியது ஆறு வரி. சேவல் இருக்கிறது. என் அப்பா பொய் சொன்னார், அவர் பயந்துவிட்டார். அது எங்களுடையது மட்டும் இல்லை, இந்தியாவில் இருக்கும் என் அத்தையுடையதும்கூட. மாமாவின் அறுவை சிகிச்சைக்காக அதைக் கோயிலுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். திருநாள் முடிந்ததும் போய்விடும். ஒன்பது நாள் கூடுதலாகத் தர முடியுமா?

தந்துவிட்டார்கள். நிபந்தனையோடுதான். பொழுது சாய்ந்ததிலிருந்து காலை எட்டு மணி வரை சேவலை வீட்டுக்குள், வெளிச்சம் புகாத பெட்டியில் வைக்க வேண்டும்.

மாலை வீட்டுக்கு வந்து அவளிடம், "அப்பா பொய் சொன்னார்னு எழுதியிருக்கியே" என்றேன்.

"சொன்னீங்கதானே?" என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை என்ன ஆனது என்று நண்பனுக்குச் சொல்ல வேண்டும். தினமும் பொழுது சாயும் நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் சேவலைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அது பிடி கொடுக்காது. நர்ஸ் சீருடையோடு ரீட்டா எலுமிச்சைச் செடியைச் சுற்றி ஓடுவாள். பிடித்துத் துணி துவைக்கும் அறையில், போர்வை போர்த்திய அட்டைப் பெட்டிக்குள் வைப்போம். பெட்டிக்குள்ளிருந்தும் கூவும். துவைத்த துணி எல்லாவற்றிலும் இறகு. வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையில் கோழி நாற்றம் என்று கூட வேலை செய்பவன் தள்ளி உட்கார்ந்தான். ரீட்டா அதைத் திட்டித் தீர்ப்பாள், "கஸ்மாலம், கலீஜ் புடிச்சது" என்று ஊர்ப் பேச்சு முழுக்க வெளியே வரும். திட்டிக்கொண்டே குளிருக்கு அதற்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

அக்கா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஜெனி மட்டும் தினமும் சேவலைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நூல் கட்டிய கால் தெரியும்படி. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆப்பரேசன் அன்று நான் கிடங்கில் ஒரு கம்ப்ரசருக்குக் கீழே படுத்திருந்தேன். போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து எழுத்து இல்லை, குரல் செய்தி.

"முடிஞ்சிதுடா. மூச்சு வுட்டுக்கினு கீறாரு." அவ்வளவுதான். பிறகு அழுகை. குளிர் அறையில் யாரும் பார்க்கவில்லை என்று நானும் அழுதேன்.

6

திருநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் இங்குள்ள எங்கள் கோயில் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். வியட்நாமிலிருந்து வந்தவர். நேர்ச்சை, நூல், ஏலம் என்று விளக்குவதற்கு ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொத்துமா?" என்று மட்டும் கேட்டார்.

பூசை முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் ஏலம். எங்களூரில் ஏலம் விடுபவருக்குத் தொண்டை கட்டியிருக்கும், அந்தக் குரலே திருநாள். இங்கே எனக்குக் குரல் எழும்பவில்லை. வெட்கம் வேறு. பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருக்க, ஜெனி ஒரு நாற்காலியில் ஏறினாள். கையில் போன், போனில் அக்கா. அக்கா அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் இங்கே கத்தினாள்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

உச்சரிப்பு கேவலம். கோவாக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், மலையாளிகள் எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நகருக்கு வெளியே நிலம் வைத்திருக்கும் ஒரு மலையாளிப் பெரியவர் எடுத்தார். அங்கே சேவலுக்குத் தடையில்லை. குழம்பு வைப்பாரா வளர்ப்பாரா என்று ஜெனி கேட்டாள். அதைக் கேட்கக் கூடாது, அதுதான் முறை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாலை வீடியோவில் அக்கா வந்தாள். பக்கத்தில் மாமா, நெஞ்சைத் துண்டால் மூடி, இளைத்து, சிரித்துக்கொண்டு.

"அக்கா, அன்னிக்கி நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த உடுடா. மாமா வூட்டுக்கு வந்துட்டாரு. நேர்ச்சையும் தீந்துச்சி." மாமாவின் துண்டைச் சரிசெய்தாள். "அந்த வெள்ளக் கோயி நல்லா கீதா?"

ஸ்னோ.

"எதுக்குக் கேக்கற?"

"நேந்துக்கினேன்."

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் ரீட்டா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னும் யாருக்கு உடம்பு சரியில்ல? இன்னாத்துக்கு நேந்துக்கின?"

"யாருக்கும் ஒண்ணுமில்லடா. நீ ஒருவாட்டி வூட்டுக்கு வரணும்னுதான்."

7

ஸ்னோ முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. காலில் சிவப்பு நூல், ஜெனி கட்டியது. இனி அதை விற்க முடியாது, அடிக்க முடியாது, கொடுக்க முடியாது. நான் இராயபுரம் போய்ச் சேர்ந்தால்தான் நேர்ச்சை கனியும், அதன் பிறகுதான் கோயிலுக்குக் கொடுக்கலாம். அது வரைக்கும் சும்மா தின்றுகொண்டு, நான் கொட்டகையைக் கழுவும்போது நடுவழியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குடுத்துவெச்சவனாம்!

நேற்று லீவுப் படிவத்தை மறுபடி திறந்தேன். அதே பட்டியல், அதே நான்கு உறவு. ஜெனி தட்டிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘என் அக்காவின் வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் நான் ‘என் அக்காவின்’ என்பதை அழித்துவிட்டு, ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று மட்டும் வைத்து அனுப்பிவிட்டேன்.

மேலாளர் இன்னும் பதில் போடவில்லை. நான் வெள்ளைக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன்.